ஒரே கோர்ஸ், ஒரு பென்சில், ஒரு நோட்டு: கோல்ஃப் பழக வருகிறவர்களுக்கு

கோல்ஃப் பழக ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆனவர்கள் என்னைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த டிரைவர் வாங்கலாம் சார்?" டிரைவர் என்றால் பந்தை மிகத் தூரம் அடிக்கும் மட்டை. நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள், பென்சில் ஒன்று வாங்குங்கள், அடுத்த ஒரு வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோர்ஸை (கோல்ஃப் மைதானத்தை) தவிர வேறு எங்கும் போகாதீர்கள் என்பேன். பேனா வேண்டாம், பென்சில்தான்.

நான் சென்னையில் விளையாடுகிறவன். நாற்பத்திரண்டு வயதில், 2014-இல் ஆரம்பித்தேன். முதல் முழு ரவுண்டில், அதாவது பதினெட்டு ஹோலையும் ஆடி முடிக்க, 131 அடி அடித்தேன். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது. இன்றைக்கு நல்ல நாளில் 90-க்குள் வருகிறேன், கெட்ட நாளில் 98. பயிற்சியாளனும் இல்லை, பந்தயக்காரனும் இல்லை. ஆனால் அந்த நாற்பது அடி எங்கே குறைந்தது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஸ்விங் திருந்தியதால் குறைந்தது பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் எங்கள் கோர்ஸின் பதினெட்டு ஹோலும் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டதால் குறைந்தது.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடுகிற யாரும் "மட்டை" என்று சொல்வதில்லை, கிளப் என்றுதான் சொல்வார்கள். ஆனால் உறுப்பினராகச் சேரும் இடமும் கிளப், கையில் பிடிப்பதும் கிளப் என்றால் எழுத்தில் குழம்பும். அதனால் இங்கே கையில் இருப்பது மட்டை. அதேபோல பட்டர் என்றால் புல்தரையில் பந்தை உருட்டும் மட்டை. ஸ்ரீரங்கத்துப் பட்டரும் இல்லை, ரொட்டியில் தடவுவதும் இல்லை.

கோர்ஸில் கால் வைக்கும் முன்

முதல் இரண்டு மாதம் ரேஞ்சிலேயே, அதாவது பந்தடித்துப் பழகும் திடலிலேயே இருங்கள். ஒரு பயிற்சியாளரிடம் ஆறு முதல் எட்டு வகுப்பு எடுத்துக்கொள்வது, வாங்கப்போகும் எந்த மட்டையையும்விட நல்ல செலவு. பிடி, நிற்கும் விதம், குறி பார்ப்பது. இந்த மூன்றை மட்டும் யாராவது நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். இவை தப்பாகப் படிந்துவிட்டால் பிறகு பிடுங்குவது கஷ்டம். வீடியோ பார்த்துப் பழகலாமே என்பீர்கள். வீடியோவில் இருப்பவருக்கு உங்கள் கை தெரியாது.

ஏழாம் நம்பர் அயனை (இரும்பு மட்டை; நம்பர் சிறிதானால் பந்து கூடத் தூரம் போகும்) மட்டும் வைத்துக்கொண்டு பழகுங்கள். வாளியில் ஐம்பது பந்து இருந்தால் ஐம்பதையும் அடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்தில் வாளியைக் காலி செய்வது உடற்பயிற்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கைப் புல் பாய் ஒரு பெரிய பொய்காரன். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டை பட்டாலும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். அதே அடியை மண்ணில் அடித்தால் மட்டை மண்ணில் புதையும், பந்து பத்து அடி போகும். "ரேஞ்சில் நல்லா வருது, கோர்ஸில் வரமாட்டேங்குது" என்று புலம்புகிற பாதிப் பேருக்கு இதுதான் காரணம். பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு கைத்துண்டை மடித்துப் போட்டு அடியுங்கள். துண்டு பறந்தால் அது கோர்ஸில் மண்ணை வெட்டும் அடி.

மட்டைகள்: விதிப்படி பையில் 14 வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏழு போதும். ஐந்தாம் நம்பர் வுட், ஒரு ஹைபிரிட், ஆறு, எட்டு அயன்கள் (ஏழாம் நம்பர் இல்லாமல் எப்படி என்றால் அதையும் சேர்த்து எட்டாக வைத்துக்கொள்ளுங்கள்), பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். பழைய செட் போதும். எந்தக் கிளப்பிலும் புது செட் வாங்கிவிட்டுப் பழையதை யாரிடம் தள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர் ஒருவர் இருப்பார். பந்திலும் பணத்தைக் கொட்டாதீர்கள். விலை எதுவானாலும் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமுக்குக் கூடக் கூடாது என்று விதி. ஆக, மலிவுப் பந்தும் உயர்ந்த பந்தும் குளத்தில் ஒரே மாதிரிதான் முழுகும்.

கழுத்துப்பட்டை வைத்த டிசர்ட், ஜீன்ஸ் அல்லாத பேண்ட், கூர் ஆணி இல்லாத ஷூ, தொப்பி. இவ்வளவு இருந்தால் வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

எங்கே விளையாடுவது என்பதுதான் நம் ஊரில் உண்மையான தடை. சென்னையில் நந்தனம், கோவையில் செட்டிபாளையம், மலைக்குப் போனால் ஊட்டி, கொடைக்கானல் என்று கோர்ஸ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை உறுப்பினர் கிளப்கள். விருந்தினராகவோ அன்றைய கட்டணம் கட்டியோ விளையாட விடும் நாட்கள் இடத்துக்கு இடம் மாறும். போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: வெளியாள் எந்தக் கிழமைகளில் விளையாடலாம், ஹேண்டிகேப் (உங்கள் தரத்துக்கு ஏற்பக் கிடைக்கும் சலுகை அடி) சான்று வேண்டுமா. வார நாள் மதியம் என்றால் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

முதல் ஒன்பது ஹோல்

அந்த வார நாள் மதியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஹோல் மட்டும் போதும். ஸ்கோர் எழுத வேண்டாம். ஒரு ஹோலில் எட்டு அடி ஆகியும் கிரீன் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) வரவில்லை என்றால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மோசமாக ஆடுகிறவரைக் கோர்ஸ் பொறுத்துக்கொள்ளும், மெதுவாக ஆடுகிறவரைப் பொறுக்காது.

வேகம் என்றால் ஓடுவது இல்லை. உங்கள் முறை வந்ததும் நாற்பது விநாடிக்குள் அடித்துவிட வேண்டும். அதற்கு முன் இருப்பவர் அடிக்கும்போதே உங்கள் மட்டை கையில் இருக்க வேண்டும். தொலைந்த பந்தைத் தேட முன்பு ஐந்து நிமிடம் இருந்தது, 2019-இலிருந்து மூன்றுதான். பந்து புதருக்குள் போனது போலத் தெரிந்தால் அங்கேயே "புரோவிஷனல் அடிக்கிறேன்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிட்டுப் போங்கள். அந்தச் சொல்லைச் சொல்லாமல் அடித்தால் இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து, முதலாவது கிடைத்தாலும் பயனில்லை.

பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் "ஃபோர்" என்று கத்தி எச்சரிக்க வேண்டும். என்னுடைய மூன்றாவது ரவுண்டில் ஒரு பந்து பக்கத்து ஃபேர்வேயில் (கிரீன் வரை நீளும் வெட்டிய புல்வெளி) நின்றிருந்த பெரியவரின் பையில் போய் டமால் என்று மோதியது. நான் வெட்கப்பட்டுக்கொண்டு மெல்லிய குரலில் "சாரி சார்" என்றேன். அவர் வந்து, "தம்பி, சாரி அப்புறம் சொல்லலாம். முதல்ல ஃபோர்னு கத்துங்க, நான் தலையையாவது குனிஞ்சிக்கிறேன்" என்றார். அன்றைக்குப் பிறகு நான் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

மற்றபடி: பந்து விழுந்து கிரீனில் பள்ளமானால் சரிசெய்யுங்கள், பங்கரில் (மணல்குழியில்) கால்தடத்தை வாரிவிடுங்கள், பெயர்ந்த புல்லை எடுத்து வையுங்கள் அல்லது மணல் போடுங்கள், இன்னொருவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் நடக்காதீர்கள். உங்கள் நிழலும் அங்கே விழக் கூடாது. சாயங்கால ஆட்டத்தில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி நோட்டு

ஐந்தாறு முறை விளையாடிய பிறகு நோட்டைத் திறங்கள். ஹோலுக்கு ஒரு பக்கம். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கோணல்மாணல் படம் போடுங்கள்: டீ (முதல் அடி அடிக்கும் இடம்), ஃபேர்வே, மரங்கள், மணல், தண்ணீர், கிரீன். அப்புறம் ஒவ்வொரு ரவுண்டிலும் உங்கள் பந்து எங்கே நின்றதோ அங்கே ஒரு புள்ளி. நன்றாக அடித்தேன், மோசமாக அடித்தேன் என்ற தீர்ப்பெல்லாம் வேண்டாம். புள்ளி மட்டும்.

எங்கள் நாலாவது ஹோலைச் சொல்கிறேன். பார் 4, அதாவது நன்றாக ஆடுகிறவருக்கு நான்கு அடி; நீளம் 370 யார்டு. வலது பக்கம் நெடுக வேலிகாத்தான் புதர். இடது பக்கம் காலி மைதானம். ஃபேர்வே வளையும் இடத்தில், வலது முனையில், டீயிலிருந்து கிரீனை மறைத்துக்கொண்டு அப்போது ஒரு பெரிய வேப்பமரம். எட்டு ரவுண்டு முடிந்து பார்த்தால் என் நோட்டில் ஆறு புள்ளி புதருக்குள். எனக்கு ஸ்லைஸ் உண்டு, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். அது தெரிந்ததுதான். ஆனால் மற்ற ஹோல்களில் எட்டுக்கு ஆறு என்று வலது பக்கம் போகவில்லையே? ஒரு நாள் டீயின் பின்னால் போய் நின்று பார்த்தபோது புரிந்தது. டீ மேடையே வலது பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது. மேடையின் ஓரத்துக்கு இணையாக நின்றால் நேராகப் புதரைப் பார்த்து நிற்பீர்கள். நானும் எட்டு வாரம் அப்படித்தான் ஒழுங்காக நின்று ஒழுங்காகப் புதருக்குள் அடித்திருக்கிறேன்.

திருத்தம் மிக எளிது. டீ அடையாளங்களுக்கு நடுவில் எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம், இரண்டு மட்டை நீளம் பின்னாலும் வைக்கலாம். ஆபத்து வலது பக்கம் என்றால் வலது அடையாளத்தை ஒட்டி வைத்து, ஃபேர்வேயின் இடது ஓரத்தைக் குறி பாருங்கள். புதருக்குப் பக்கத்தில் போய் நிற்பது போல இருக்கும், மனம் ஒப்பாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால்தான் புதருக்கு எதிர்ப்பக்கமாக அடிக்க முடியும். இது ஒன்றிலேயே எனக்கு அந்த ஹோலில் சராசரியாக ஒரு அடிக்கு மேல் மிச்சம்.

அடுத்த வேலை, ஸ்கோர் அட்டையில் அச்சடித்திருக்கும் பாரைக் கோடு போட்டு அடித்துவிட்டு உங்கள் பாரை எழுதுவது. ஹேண்டிகேப் 36 என்றால் ஹோலுக்கு இரண்டு அடி சலுகை. அப்படியானால் அந்த நாலாவது ஹோல் உங்களுக்குப் பார் 4 இல்லை, பார் 6. ஏழாம் நம்பர் அயனில் 130 யார்டு போகிறவர் 130, 130, 110 என்று மூன்று சின்ன அடியில் 370-ஐக் கடந்து கிரீனில் நிற்கலாம். பிறகு இரண்டு புட் (பட்டரால் உருட்டும் அடி). ஐந்தில் முடிந்துவிட்டது, கையில் ஒன்று மிச்சம். டிரைவரைத் தொடவே இல்லை. இதைச் சொன்னால் ஆண்கள் முகத்தில் ஒரு வாட்டம் வரும். பெண்கள் உடனே எழுதிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை இப்படித்தான்.

சலுகை அடி எந்தெந்த ஹோலுக்குப் போகும் என்பதை ஸ்கோர் கார்டில் "ஸ்ட்ரோக் இண்டெக்ஸ்" என்ற வரிசை சொல்லும். ஒன்று என்று போட்டிருந்தால் சலுகை முதலில் போய்ச் சேரும் கடினமான ஹோல். அந்த ஹோல்களில் வீரம் காட்டாதீர்கள்.

தூரத்தையும் எழுதுங்கள். குழியில் நட்டிருக்கும் கொடி வரைக்கும் எவ்வளவு என்பது அவ்வளவு முக்கியமில்லை. எதைத் தாண்ட எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள்: "மூலைப் பங்கரைத் தாண்ட 165", "குளத்தின் இந்தக் கரைக்கு 110, அந்தக் கரைக்கு 128." பல கோர்ஸ்களில் 150 யார்டில் ஒரு அடையாளம் இருக்கும். அது கிரீனின் நடுவுக்கு அளந்ததா, முன் விளிம்புக்கு அளந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒரு மட்டை.

காற்றுக்கு ஒரு பத்தி

சென்னையில் விளையாடுகிறவர்கள் மேலே மணியையும் எழுத வேண்டும். விடியற்காலையில் காற்று இல்லை, இருந்தாலும் மேற்கிலிருந்து மெல்ல வரும். கோடையில் நடுப்பகல் நெருங்கும்போது கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். எங்கள் ஏழாவது ஹோல் பார் 3, 140 யார்டு, கிழக்கைப் பார்த்தது, நடுவில் குளம். காலை ஏழு மணிக்கு ஆறாம் நம்பர் அயன் எனக்குச் சரியாக இருக்கும். அதே ஹோலைப் பன்னிரண்டு மணிக்கு அதே மட்டையால் அடித்தால் பந்து அந்தரத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுக் குளத்தில் இறங்கும். முதல் வருடத்தில் அங்கே பதினோரு பந்து விட்டேன். நோட்டில் மணி எழுத ஆரம்பித்த பிறகுதான், பதினொன்றில் ஒன்பது பந்து பதினொரு மணிக்குப் பிறகு போனவை என்று தெரிந்தது. இப்போது வெயில் ஏறிவிட்டால் ஹைபிரிட்டை எடுத்து, கொடியை மறந்துவிட்டு, குளத்துக்கு இடப்பக்கம் இருக்கும் புல்மேட்டுக்கு அடிக்கிறேன். அங்கிருந்து ஒரு சிப் (கிரீனில் ஏற்றும் சின்ன அடி), இரண்டு புட். நாலு. அந்த ஹோலில் நாலு என்றால் நான் சந்தோஷமாகவே அடுத்த டீக்கு நடப்பேன்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேறு கணக்கு. பந்து உருளாது, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு விதிகள் தெரிந்தால் போதும். தேங்கிய மழைத்தண்ணீரில் பந்தோ உங்கள் காலோ இருந்தால் அபராதம் இல்லாமல் வெளியே எடுத்துப் போடலாம். பந்து விழுந்த வேகத்தில் தரையில் புதைந்துபோனாலும், பங்கரில் இல்லாத வரை, அப்படித்தான். போடும்போது முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். தோள் உயரம் என்று யாராவது சொன்னால் அவர் 2019-க்கு முன்பு பழகியவர்.

கிரீன்

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். நான்கு அங்குலத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நூறு அடிப்பவர்களின் ஸ்கோரில் ஏறத்தாழ நாற்பது அடி இங்கேதான் போகிறது, ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களில் கிரீனில் பத்து நிமிடம் செலவழிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

மூன்று புட் ஆவதற்குக் காரணம் திசை இல்லை, வேகம். முப்பது அடியிலிருந்து உருட்டும்போது யாரும் நாலடி தள்ளி வலது பக்கம் அடிப்பதில்லை. ஆனால் பத்தடி குறைவாகவோ எட்டடி அதிகமாகவோ எல்லோரும் அடிக்கிறோம். உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடியிலிருந்து ஏறத்தாழ பாதிதான் உள்ளே போடுகிறார்கள். அப்படியிருக்க மிஞ்சிய எட்டடியை நான் ஒவ்வொரு முறையும் போட்டுவிடுவேன் என்று நினைப்பது பேராசை. எனவே பயிற்சிக் கிரீனில் பத்துத் தப்படி நடந்து போய், அங்கிருந்து ஒரு கை நீளத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். குழியை மறந்துவிடுங்கள்.

பெர்முடா புல் போட்ட கிரீன் என்றால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழிக்குப் பின்னால் நின்று பாருங்கள். புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது. கருத்து மங்கித் தெரிந்தால் உங்களைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. பந்து இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது பளபளப்பு என்றால் பந்து ஓடும், மங்கல் என்றால் இழுத்துப் பிடிக்கும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கத்தரித்தது போலச் சுத்தமாகவும் மறுபக்கம் பிய்ந்தும் இருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் சாய்கிறது. நோட்டில் ஒவ்வொரு கிரீனிலும் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டால் போதும். குழியை வாரத்துக்கு நாலு இடம் மாற்றுவார்கள், சரிவும் சாய்வும் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள், அந்தக் கிரீனில் எங்கே நிற்கக் கூடாது என்று. எங்கள் பன்னிரண்டாவது ஹோலில் கொடிக்குப் பின்னால் போய்விட்டால் இறக்கத்தில் உருட்ட வேண்டும். மேலிருந்து லேசாகத் தொட்டாலும் பந்து கிரீனை விட்டே இறங்கிப் போய்விடும். ஆகவே அங்கே எப்போதும் ஒரு மட்டை குறைவாக எடுத்துக் கீழேயே நிற்கிறேன்.

கேடி

நோட்டு எழுதுவதில் பாதி வேலையை மிச்சப்படுத்தக்கூடியவர் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறார். என்னோடு வருகிறவர் அந்தப் புல்லை முப்பது வருடமாகப் பார்க்கிறார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார்.

"என்ன எடுக்கட்டும்ணே? எட்டாம் நம்பரா?"

"வேணாம் சார். ஆறு எடுங்க, பாதியா சுத்துங்க."

"கொடி நூத்தி இருபதுதானே?"

"கொடி நூத்தி இருபதுதான் சார். உங்க பந்து இன்னைக்கு நூத்தி இருபது போகலையே."

இதைவிடச் சுருக்கமான பாடத்தை எந்தப் பயிற்சியாளரும் எனக்கு நடத்தியதில்லை. அட்டையில் இருக்கும் தூரத்துக்கு மட்டை எடுக்காமல், இன்றைக்கு உடம்பு கொடுக்கும் தூரத்துக்கு எடுக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் கேடிகளின் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கேடியாக இருந்து வந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார், 1993-இல் மறுபடியும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை எடுத்தார். எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் அப்பா, 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். மகன் அந்த ஒரே கோர்ஸில் வளர்ந்தார். மிக நீளமாக அடிக்கிறவர் இல்லை, கிரீனைச் சுற்றிய சின்ன அடிகளில் மன்னர். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓப்பன் அவர் கையில்.

கேடியிடம் கேட்கலாம், ஆனால் அடிக்க நின்ற பிறகு அவரைப் பின்னால் நேர்கோட்டில் நிறுத்திக் குறி சரியா என்று பார்க்கச் சொல்லக் கூடாது. 2019-இலிருந்து அது விதிமீறல். அப்புறம், தோற்ற ரவுண்டின் பழியை அவர் தலையில் போடாதீர்கள். பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள், ஒன்பதாவது ஹோல் டீக்கடையில் உங்களுக்கு ஒரு டீ என்றால் அவருக்கும் ஒன்று. இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும் என்பீர்கள். தெரிய வேண்டியிருக்கிறது.

கணக்கு

ஹேண்டிகேப் வாங்கப் பயப்பட வேண்டாம். 2020-இலிருந்து உலகம் முழுக்க ஒரே முறை. மொத்தம் 54 ஹோலின் ஸ்கோர் கொடுத்தால் போதும், ஒன்பது ஒன்பதாகவும் ஆடிக் கொடுக்கலாம். ஆண், பெண் யாரானாலும் உச்ச அளவு 54. அதன்பின் கடைசி 20 ரவுண்டில் சிறந்த எட்டின் சராசரியை வைத்து எண் ஏறி இறங்கும். ஆகவே ஒரு கேவலமான நாள் உங்களைக் கவிழ்த்துவிடாது. ஒரு ஹோலில் பதின்மூன்று அடித்தாலும் கணக்கில் அப்படியே ஏறாது. அந்த ஹோலின் பாரோடு இரண்டும் உங்கள் சலுகை அடியும் சேர்ந்த அளவுதான் உச்சம்.

ஸ்கோரைக் குறைத்து எழுதினால் நண்பர்களிடம் தோற்பீர்கள், கூட்டி எழுதினால் நண்பர்களை இழப்பீர்கள். உள்ளதை எழுதுங்கள்.

ஆரம்பத்தில் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுவது நல்லது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் வகுத்த முறை, 1932-இல் வாலசி கிளப்பில் போட்டியாக நடந்தது. சலுகை அடியைக் கழித்த பிறகு பார் என்றால் இரண்டு புள்ளி, போகி (பாரைவிட ஒரு அடி அதிகம்) என்றால் ஒன்று, பர்டி (ஒரு அடி குறைவு) என்றால் மூன்று. போகியைவிட மோசம் என்றால் பூஜ்யம், பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோல். சலுகையோடு 36 புள்ளி வந்தால் உங்கள் தரத்துக்குச் சரியாக ஆடியிருக்கிறீர்கள் என்று பொருள்.

முன்னேறுகிறோமா என்பது மொத்த ஸ்கோரில் உடனே தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் மூன்று எண் மட்டும் எழுதினேன்: அபராத அடி எத்தனை, மூன்று புட் எத்தனை முறை, கிரீனுக்குப் பக்கத்தில் இருந்தும் கிரீனில் ஏறாத சிப் எத்தனை. ஒரு முறை 112 அடித்த நாளில் 7, 6, 8 என்று இருந்தது. மொத்தம் 21. அதே ஸ்விங்கோடு, இவை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் 91. அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஐம்பது யார்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதத்திலிருந்து ஒன்பதாவது மாதம் வரை ஸ்கோர் அசையாது, சிலருக்கு ஏறக்கூடச் செய்யும். எனக்கு ஏறியது. அந்தச் சமயத்தில்தான் எல்லோரும் புது டிரைவர் வாங்குகிறார்கள், ரவுண்டுக்கு நடுவில் பிடியை மாற்றுகிறார்கள், கூட ஆடுகிற மூன்று பேரிடமும் யோசனை கேட்கிறார்கள். ரவுண்டில் ஒரே ஒரு எண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது "மெதுவாகப் பின்னால் கொண்டுபோ." மற்றதெல்லாம் ரேஞ்சுக்கு.

வெளியூர் கோர்ஸ்

ஒரு வருடம் ஆனதும் வெளியே போங்கள். ஊட்டிக்கு முதலில் போனபோது என் நோட்டுத் தூரமெல்லாம் பொய்யாகிவிட்டது. 2,200 மீட்டருக்கு மேல் காற்று லேசு, பந்துக்குத் தடை குறைவு. இங்கே 130 போகும் அடி அங்கே 140-ஐத் தொடும். குளிர் கொஞ்சம் பிடித்து இழுத்தாலும் மிச்சம் உண்டு. முதல் மூன்று கிரீனையும் தாண்டியடித்துவிட்டு நாலாவதில்தான் விஷயம் புரிந்தது. கொடைக்கானலில் 1895-இல் தொடங்கிய கோர்ஸில் காட்டெருமைகள் மேய வரும். அவை போகும்வரை காத்திருங்கள், அங்கே நாற்பது விநாடிக் கணக்கெல்லாம் கிடையாது. புது இடத்தில் ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் உள்ளூர் விதிகளை முதல் டீயில் நின்று படித்துவிடுங்கள்.

சொந்தக் கோர்ஸும் அப்படியே இருந்துவிடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது எங்கள் நாலாவது ஹோலின் வேப்பமரமும் போனது. அடுத்த வாரம் போய் நின்றால் டீயிலிருந்து கிரீன் தெரிகிறது. இரண்டு வருடம் தவம் கிடந்து கண்டுபிடித்த இடது ஓரக் குறி தேவையே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இப்போது அதே இடத்தில் ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் தன் தோளுக்கு நேராக ஒரு கிளையைப் பிடித்துக் காட்டினார்.

"இன்னும் நாலஞ்சு வருஷம் சார். மறுபடி மறைக்கும்."

நோட்டை எடுத்து, வளைவின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டேன்.